மின்னூல் வடிவங்களும் தமிழ்ப் பாடமும்

முன்னுரை

ஒரு நூலைப் பதிப்பிக்கப் புகுவோர் பாடத்தைத் தெளிதலையே தம் முதற்கடமையாகக் கொள்வர். தாளின் அளவு, எழுத்தின் பருமை, கட்டமைப்பு ஆகியவற்றை அச்சகத்தார் பொறுப்பில் விடுதல் பெருவழக்கு. அச்சுநூலைப் பொறுத்தவரை இவ்வழக்கால் பாடத்திற்குக் கேடு நேர்ந்ததில்லை. பருந்தாளில் அச்சிடினும் மென்தாளில் அச்சிடினும் பாடம் பாடமாகவே நின்றது.

மின்னூலின் நிலை அன்னதன்று. மின்னூல் எவ்வகைக் கோப்பாக அமைகின்றதோ அதற்கேற்பவே அதனைப் படித்தலும், அதனுட் சொற்களைத் தேடுதலும், மேற்கோள் எடுத்தலும், செவிவழிக் கேட்டலும் இயலும் அல்லது இயலாதொழியும். வடிவம் பிழைப்பின் பாடமும் பிழைபடும். ஆகவே, கோப்பு வடிவத்தைத் தேர்தல் பதிப்பாசிரியர் கடமையுள் ஒன்றாம் என்பதும், நெகிழ்ந்து மடங்கும் எழுத்துப் பாடத்தையே தமிழ் மின்னூலுக்கு அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்பதும் யாம் ஈண்டு நிறுவப் புகும் கருத்துகளாம்.

இன்று தமிழ்த் துறைகளில் உருவாகும் ஆய்வேடுகளும் பதிப்புகளும் பெரும்பாலும் பி.டி.எஃப். என்னும் ஒரே வடிவில் இடப்படுகின்றன. இவ்வழக்கு ஆராய்ந்து கொள்ளப்பட்டதன்று. கைக்கு எளிதாய்க் கிடைத்தமையாற் பற்றப்பட்டது. அதனை ஆராய்தல் இன்றியமையாததாகின்றது.

இருவகை வடிவங்கள்

வழக்கிலுள்ள மின்னூற் கோப்புகள் பலவாயினும் அவற்றை இருவகையுள் அடக்கலாம். ஒன்று நிலைவடிவம், மற்றொன்று நெகிழ்வடிவம்.

நிலைவடிவம் பக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. எவ்வெழுத்து பக்கத்தின் எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பதை அது வரையறுத்து வைக்கும். அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட பி.டி.எஃப். இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. 2008இல் அது ஐ.எஸ்.ஓ. 32000 என்னும் அனைத்துலகத் தரமாயிற்று. நெடுங்காலக் காப்பிற்குரிய அதன் கிளையாகிய பி.டி.எஃப்./ஏ 2005இலேயே தரமாக்கப்பட்டது.

நெகிழ்வடிவம் பாடத்தை அடிப்படையாகக் கொண்டது. இது தலைப்பு, இது பத்தி, இது செய்யுளடி, இஃது அடிக்குறிப்பு என உறுப்புகளை மட்டும் அது குறித்து வைக்கும். திரையின் அகலத்திற்கேற்ப வரியை மடக்கும் வேலையைக் கருவியே செய்துகொள்ளும். ஈபப் என்னும் வடிவம் இவ்வகையது. 1999இல் தோன்றிய திறந்த மின்னூல் அமைப்பிலிருந்து வளர்ந்து, 2007இல் அது இப்பெயர் பெற்றது, 2011இல் மூன்றாம் பதிப்பாகத் திருந்தியது, 2023இல் 3.3 என்னும் பதிப்பாக உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாயிற்று. வலைப்பக்கங்களுக்குரிய எச்.டி.எம்.எல். மொழியில் எழுதப்பட்ட பல சிறு கோப்புகளை ஒரு பொதிக்குள் சுருக்கி வைத்ததே ஈபப் ஆகும். கிண்டில் கருவிக்குரிய மொபி முதலியனவும் இந்நெகிழ்வகையைச் சார்ந்தனவே.

ஏட்டின் இயல்பு

நிலைவடிவமே நூலின் இயல்பான உருவம் என்றும், நெகிழ்வடிவம் புதுமையால் வந்த சிதைவு என்றும் கருதுவார் உளர். தமிழ்நூல் வரலாற்றை நோக்குவார்க்கு இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

பனையோலைச் சுவடியில் பக்கம் என்பது நிலைபெற்ற ஒன்றன்று. ஓலையின் நீளம் மரத்திற்கு மரம் வேறுபடும். எழுதுவோர் கையும் வேறுபடும். ஒரு நூலைப் படியெடுக்குந்தோறும் வரி வேறிடத்தில் மடங்கியது. செய்யுளும் அடியடியாய்ப் பிரித்தெழுதப்படாமல் உரைநடைபோல் தொடர்ந்தே எழுதப்பட்டது. எனினும் நூல் சிதையவில்லை. அடியின் எல்லையை யாப்பு காத்தது. பாட்டின் இடத்தை எண் காத்தது. தொல்காப்பியத்தை நூற்பா எண்ணாலும், திருக்குறளைக் குறள் எண்ணாலும், புறநானூற்றைப் பாட்டெண்ணாலும் சுட்டும் நம் வழக்கு பக்கத்தை எதிர்பார்ப்பதன்று.

பக்கம் நிலைபெற்றது அச்சு வந்தபின்னரே. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட காலத்தில், தொடர்ந்து கிடந்த ஏட்டுப் பாடத்தைச் சொல்லும் சீரும் அடியுமாய்ப் பிரித்துக் காட்டுதல் பதிப்பாசிரியரின் பெரும்பணியாயிருந்தது. அவர் காத்தது ஏட்டின் வரியை அன்று; பாட்டின் அமைப்பையே ஆகும். இவ்வாறு நோக்கின், பி.டி.எஃப். அச்சுப் பக்கத்தின் வழித்தோன்றல். ஈபப் ஏட்டின் இயல்போடு ஒத்தது என்பது தெளிவாம். எனவே நெகிழ்வடிவம் தமிழ்நூலுக்குப் புறம்பானதன்று என்க.

கருவியும் கண்ணும்

இனி, படிப்போர் நிலையை நோக்குவோம். ஆய்வேடுகள் பெரும்பாலும் ஏ4 தாளை அளவாகக் கொண்டு அமைக்கப்படுகின்றன. அத்தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைபேசித் திரையின் அகலமோ ஏறத்தாழ 70 மில்லிமீட்டர். பக்கம் முழுவதையும் திரைக்குள் அடக்கின் எழுத்து மூன்றில் ஒருபங்காய்ச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகும். ஆறு அங்குலத் திரையுடைய மின்னூற் கருவியின் அகலம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர். அதிலும் அவ்வெழுத்து 5 புள்ளி அளவினதாகவே தோன்றும். மேசைக் கணினியிலும் அகன்ற பலகைக் கணினியிலுமே அப்பக்கம் இயல்பாய்ப் படிக்கப்படும்.

ஆங்கில எழுத்தினும் தமிழெழுத்து இச்சுருக்கத்தால் மிகுதியும் நலிகின்றது. புள்ளி ஒன்றே மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்துகின்றது. கிகரத்திற்கும் கீகாரத்திற்கும் இடையே நிற்பது ஒரு சிறு சுழியே. னகரமும் ணகரமும் ஒரு சுழியாலேயே வேறுபடுகின்றன. இவை மங்குமாயின் கண் ஊகித்துப் படிக்கத் தொடங்கும். ஊகித்துப் படிக்கப்படும் பாடம் ஆய்வுக்கு உதவாது. பக்கத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாமே எனின், ஒவ்வொரு வரிக்கும் திரையை வலமும் இடமும் நகர்த்த வேண்டியதாகும். நூறு பக்கம் இவ்வாறு படித்தல் யார்க்கும் அரிது.

ஈபப் கோப்பில் இவ்விடர் இல்லை. படிப்போர் தம் கண்ணுக்கேற்ப எழுத்தைப் பெருக்குவர். வரி தானே மடங்கும். முதியோர்க்கும் கண்ணொளி குன்றியோர்க்கும் இது சிறு வசதியன்று. படித்தலுக்கும் படியாமைக்கும் இடைப்பட்ட வேறுபாடேயாம்.

தேடலும் எழுத்து வரிசையும்

அச்சுநூலினும் மின்னூல் சிறந்ததாவது தேடற் பயனால். ஒரு சொல் ஒரு நூலுள் எத்தனை இடங்களில் பயில்கின்றது என்பதை நொடியில் அறிதல் கூடும். நிலைவடிவில் தமிழுக்கு இப்பயன் பெரிதும் குன்றுகின்றது. அதன் காரணம் எழுத்தமைப்பிலேயே உள்ளது.

ஒருங்குறி முறை 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலிருந்தே தமிழைத் தன்பாற் கொண்டுள்ளது. அம்முறையில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக எழுத்துகள் வைக்கப்படும். 'கொ' என்னும் எழுத்தில் ககரம் முதலிலும் ஒகரக்குறி அடுத்தும் நிற்கும். ஒலிமுறையும் இதுவே. திரையிலோ கொம்பு ககரத்தின் இடப்புறத்தும் கால் வலப்புறத்தும் தோன்றும். பி.டி.எஃப். கோப்பு தோற்றத்தைக் காக்கும் இயல்பினதாகலின், பல கோப்புகளில் கொம்பு, ககரம், கால் என்னும் தோற்ற வரிசையே எஞ்சுகின்றது. அத்தகைய கோப்பிலிருந்து ஒரு தொடரைப் படியெடுத்து ஒட்டிப் பார்ப்போர் கொம்புகள் முன்னெழுத்தோடு சேர்ந்து சொற்கள் குலைந்து கிடக்கக் காண்பர். தேடுபொறிக்கும் அக்குலைந்த சொல்லே கிட்டும். கண்ணுக்கு 'கொடை' எனத் தோன்றும் சொல் தேடுவார்க்கு அகப்படாது ஒளியும். பழைய எழுத்துருக் குறியீடுகளில் அமைந்த கோப்புகளிலோ தமிழுக்கு மாறாக ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே வெளிப்படும்.

உரிய எழுத்து வரிசையைப் பி.டி.எஃப். கோப்பினுள் உடன்வைத்தற்கும் வழியுண்டு. ஆயினும் அதனைக் கருத்தூன்றிச் செய்வோர் சிலரே. ஈபப் கோப்பிலோ பாடம் ஒருங்குறி எழுத்தாகவே உள்ளது. தோற்றத்தை எழுத்துருவே கொடுக்கின்றது. ஆகலின் இக்குலைவு அதன்கண் நேர்வதில்லை. ஒளகாரத்தைத் தனியெழுத்தாக இடாமல் ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சிடுதல் போன்ற பிழைகள் எவ்வடிவிலும் தேடலைக் கெடுக்கும். அவை வடிவத்தின் குற்றமல்ல, பிழைதிருத்துவார் குற்றமே.

கண்பார்வை இல்லாதார் திரைபடிப்பி என்னும் மென்பொருளின் துணையால் நூலைக் கேட்டறிவர். அதற்கு வேண்டுவது எழுத்தின் படம் அன்று, எழுத்தே. பக்கத்தைப் படமாகப் பிடித்த கோப்பு அவர்க்கு வெற்றுத்தாளோடொக்கும். கொம்பு முறைமாறிய கோப்பு பொருளற்ற ஒலியாய் முடியும். இத்தகையோர் நூல் பெறுதற்கென 2013இல் மராக்கேசு உடன்படிக்கை எழுந்தது. 2014இல் அதனை உலக நாடுகளுள் முதன்முதலாக உறுதிசெய்தது இந்தியா. அப்பெருமைக்கு ஏற்ப நம் துறைகளின் நூல்கள் அமைந்துள்ளனவா என்பதை நாம் நம்மையே வினவிக்கொள்ளுதல் வேண்டும்.

செய்யுளடியும் திரையும்

நெகிழ்வடிவத்தின்மேல் சாட்டப்படும் குறைகளுள் வலியது செய்யுளைப் பற்றியது. நாற்சீரடி குறுகிய திரையில் ஒரே வரியாய் அடங்காது. நான்காஞ்சீர் கீழே இறங்கும். பயிலாதார் அதனைத் தனியடியாகக் கொள்வர். அகவலின் ஈற்றயல் முச்சீராய் வருதலும் வெண்பாவின் ஈற்றடி முச்சீராய் முடிதலும் கண்ணுக்குப் புலனாகாதொழியும். யாப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இஃது உண்மையான இடரே.

எனினும் இக்குறை நீக்கற்பாலதே. ஒவ்வோரடியையும் தனியுறுப்பாகக் குறித்து, மடங்கிய பகுதி உள்தள்ளித் தொடங்குமாறு நடைவிதி அமைத்தால், புதிய அடி இடவோரத்திலும் முன்னடியின் எச்சம் உள்ளேயுமாக நிற்கும். அடியின் எல்லை ஐயமின்றி விளங்கும். வெறும் எழுத்துக் கோப்பில் இதனைச் செய்ய இயலாது. ஈபப் கோப்பில் சில வரிகளாற் செய்யலாம். அன்றியும், உரைகூறும் நூலில் பாடவேறுபாடுகளையும் அடிக்குறிப்புகளையும் உரிய சொல்லோடு இணைத்து வைக்கலாம். படிப்போர் சொல்லைத் தொட்ட அளவில் குறிப்பு விரியும். அச்சுப்பக்கத்தின் அடியில் நெருங்கிக் கிடந்த பாடவேறுபாடுகளைப் படிப்போர் கண்முன் கொணர இதனினும் நல்ல வாயில் இல்லை.

யாம் கண்ட தமிழ் ஈபப் நூல்களுட் சில இவ்வாறு அமைந்தில. அடிகள் யாவும் ஒரே பத்தியாய் ஒட்டிக் கிடக்கின்றன. தலைப்புகள் தலைப்பெனக் குறிக்கப்படாமல் தடித்த எழுத்தால் மட்டும் காட்டப்படுகின்றன. அதனாற் பொருளடக்கம் தானே அமைவதில்லை. பி.டி.எஃப். கோப்பை இயந்திரத்தால் ஈபப் ஆக்கியவற்றிலோ பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் பத்தியின் நடுவே புகுந்து பாடத்தைத் துணிக்கின்றன. வடிவத்தின் பெயரால் மட்டும் நன்மை விளையாது. ஈபப் என்னும் பெயர் பூண்ட சீர்கெட்ட கோப்பினும் செப்பமாய் அமைந்த பி.டி.எஃப். மேலாம்.

மேற்கோளும் பக்க எண்ணும்

ஆய்வாளர் எழுப்பும் மற்றொரு தடை, பக்க எண் பற்றியது. நெகிழ்வடிவில் பக்கம் நிலையாதாகலின், உரைநடை நூலின் மேற்கோளை எவ்வாறு சுட்டுவது என்பர். ஈபப் அமைப்பில் அச்சுப் பதிப்பின் பக்கத் தொடக்கங்களை உரிய இடங்களிற் குறித்து வைக்கவும், அவற்றைப் பட்டியலாகத் தரவும் இடமுண்டு. அச்சில்லாத நூலுக்குப் பத்தி எண்ணோ பிரிவெண்ணோ இடலாம். நூற்பாவுக்கு எண்ணிட்ட மரபுடைய நமக்கு உரைநடைப் பத்திக்கு எண்ணிடுதல் அரிய செயலன்று.

நிலைவடிவத்தின் நியாயம்

இதுகாறும் கூறியவற்றால் நிலைவடிவம் வேண்டாதது என்பது எம் கருத்தெனக் கொள்ளற்க. அதற்குரிய இடம் வேறு.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இத்தகைய அழிவைக் கண்ட இனம் எஞ்சியவற்றைப் படமாகவேனும் பிடித்து வைக்க விரைதல் இயல்பே. 2005இல் தோன்றிய நூலகம் என்னும் ஈழத்து மின்தொகுப்பு நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் காத்து வருகின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அச்சுநூல்களின் படிமங்களை வழங்குகின்றது. ஒரு நூலைத் தட்டச்சிட்டுப் பிழைதிருத்தும் காலத்திற் பல நூல்களைப் படமாக்கலாம். அழிவு விரைந்து வரும் இடத்தில் காப்பும் விரைந்து நடத்தல் வேண்டும். மேலும், பாடத்தில் ஐயம் எழும்போது மூலத்தை நோக்கித் தெளிதற்குப் படிமமே சான்றாகும்.

ஆயினும் சான்று வேறு, நூல் வேறு. படிமத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இன்று தமிழுக்கும் உண்டு. அஃது ஆகாரக் காலையும் ரகரத்தையும் மாற்றிப் படித்தல் அனைவரும் அறிந்ததே. ஓலைச்சுவடியில் காலும் ரகரமும் ஒரே வடிவாய் எழுதப்பட்டமையால் முன்னைப் பதிப்பாசிரியர் இடர்ப்பட்டனர். புள்ளி இன்மையாலும் இடர்ப்பட்டனர். அவ்விடரே நூறாண்டு கழிந்தும் மீண்டு வந்துள்ளது. அதனை அன்று தீர்த்தது இயந்திரமன்று. இலக்கணமும் இலக்கியமும் பயின்ற கண்ணே. இன்றும் அதுவே தீர்த்தற்குரியது. இப்பணி தமிழ்த்துறை மாணவர்க்கு உரியதாதல் சொல்லாமலே அமையும்.

நிலைபேறு

இறுதியாக, வடிவங்களின் வாழ்நாளை நோக்குதல் வேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2000இல் தனக்கென ஒரு மின்னூல் வடிவை வெளியிட்டது. 2012இல் அதனைக் கைவிட்டது. மொபி வடிவை உருவாக்கிய நிறுவனத்தை அமேசான் 2005இல் வாங்கியது. 2007இல் கிண்டில் கருவி வெளிவந்தது. தமிழ் நூல்கள் அதன் கடையில் 2016இல் முறையாக இடம்பெற்றன. பின்னர் மொபியின் வழக்கு மெல்ல அருகியது. 2022இல் அந்நிறுவனமே, படிப்போர் தம் கருவிக்கு அனுப்பும் ஈபப் கோப்புகளை ஏற்கத் தொடங்கியது. 2009இல் படிப்போர் விலைகொடுத்து வாங்கிய சியார்ச் ஆர்வெலின் நூலொன்று, உரிமைச் சிக்கலால் அவர்தம் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கப்பட்டதும் அனைவரும் அறிந்ததே. ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கும் வடிவம் அந்நிறுவனத்தின் விருப்பளவே வாழும் என்பதற்கு இவை சான்றாம்.

இதற்கு மறுதலையாக மதுரைத் திட்டத்தைக் காட்டலாம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தன்னார்வலர் முயற்சியாகத் தொடங்கிய அத்திட்டம், தமிழ் இலக்கியங்களைப் படமாக அன்றி எழுத்தாகவே தட்டச்சிட்டு வைத்தது. தொடக்கத்தில் ஒருங்குறி பரவியிருக்கவில்லை. நூல்கள் திஸ்கி முதலிய குறியீடுகளில் அமைந்தன. அவற்றுள் கொம்பு மெய்க்கு முன்னே நின்றது. காலம் மாறியபோது, எழுத்தாக இருந்தமையால் அவை மாற்றுவிதியொன்றால் ஒருங்குறிக்கு வந்தன. கருவி மாறினும் குறியீடு மாறினும் அம்முயற்சி வீணாகவில்லை. 2013இல் தொடங்கிய கட்டற்ற தமிழ் மின்னூல் திட்டமும் ஒரே பாடத்திலிருந்து ஈபப், மொபி, ஏ4 அளவுப் பி.டி.எஃப்., ஆறு அங்குலப் பி.டி.எஃப். எனப் பல வடிவங்களை ஆக்கி வழங்கியது. பாடம் ஒன்று, வடிவம் பல என்னும் நெறியை அது செயலிற் காட்டியது. காலிபர் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இவ்வேலையை யாவர்க்கும் எளிதாக்கியுள்ளன.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், தமிழ் நூலொன்றை மின்னூலாக்குவோர் கொள்ளத்தக்க முறை பின்வருமாறு அமையும். முதற்கண், உறுப்புகள் குறிக்கப்பட்டுப் பிழைதிருத்தப்பட்ட ஒருங்குறிப் பாடம் அமைதல் வேண்டும், அதுவே மூலப்படி. அதிலிருந்து கைபேசியிலும் மின்னூற் கருவியிலும் படித்தற்கு ஈபப் ஆக்கப்படும். அச்சிடுதற்கும் பக்கத்தாற் சுட்டுதற்கும் பி.டி.எஃப். ஆக்கப்படும். பழைய நூலாயின் அதன் படிமமும் சான்றாக உடன் வைக்கப்படும். இம்முறை தலைகீழாகிப் பி.டி.எஃப். மட்டுமே மூலமாய் நிற்குமாயின், அதிலிருந்து பிறவற்றை ஆக்குதல் இடிந்த வீட்டின் கல்லைப் பொறுக்கிப் புதுவீடு கட்டுதல் போலாகும்.

தொலைவான ஊரில் கைபேசி ஒன்றே நூலகமாகக் கொண்டு பயிலும் மாணவர் உளர். கேட்டே பயிலும் பார்வையற்ற ஆய்வாளரும் உளர். அவர்க்குப் படிக்க இயலாத கோப்பை வலையில் இட்டுவிட்டு நூலை வெளியிட்டோம் என்று கூறுதல் பொருந்தாது. ஏட்டிலிருந்து அச்சுக்கு நூல் வந்தபோது பாடத்தின் அமைப்பைக் காத்துத் தந்தனர் முன்னையோர். அச்சிலிருந்து திரைக்கு அதனைக் கொணர்வதும் அத்தகைய பதிப்புப் பணியே. அதனைத் தட்டச்சு நிலையத்தின் பொறுப்பில் விடாது, தமிழ்த் துறைகள் தம் கையில் ஏற்றல் வேண்டும் என்பதே எம் துணிபு.